ஸ்கேன் அறை வாசலில் கழற்றிய தாலி

மதுரையில் அந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற அறைக்கு முன்னால் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். சாவி, செல்போன், கடிகாரம், நகை, ஊக்கு என்று ஒவ்வொன்றாகப் படம் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் சிவப்புக் கோடு கிழித்திருக்கும். நான் எட்டாவது வரை படித்தவள். எனக்கு அந்தப் படங்களும் புரிந்தன, கீழே எழுதியிருந்ததும் புரிந்தது. ஆனால் அந்தப் பலகை என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு என் நாத்தனாரை உள்ளே அனுப்பும் என்பது மட்டும் முதலில் எனக்குப் புரியவில்லை.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், கூடப் பிறந்த ஒரே அக்கா. எரியோட்டில் இருக்கிறார். நான் மதினி என்று கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மதினியின் புருஷன் இறந்து வெகுகாலம் ஆகிறது. அதற்குப் பிறகு அவர் உடம்பில் நகை என்று ஒரு பொட்டுக்கூட ஏறியதில்லை. காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி, கழுத்தில் ஒன்றுமில்லை, காலில் ஒன்றுமில்லை. சேலைக்கு ஊக்கு குத்துகிற பழக்கமும் கிடையாது. அப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்துத்தான் நான் பொறாமைப்பட்டேன். தாலியோடு இருக்கிறவள் தாலி இல்லாதவளைப் பார்த்து வயிறெரிந்தாள் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

வீட்டுக்காரருக்கு வாழையிலை வியாபாரம். கன்னிவாடிப் பக்கத்துத் தோட்டங்களில் இலை அறுத்து, கட்டு கட்டி, திண்டுக்கல்லில் ஓட்டல்களுக்கும் மண்டபங்களுக்கும் போடுவார். விடிவதற்குள் கிளம்பி, வெயில் ஏறுமுன் வேலையை முடித்து, குளித்துத் திருநீறு பூசிக்கொண்டுதான் இட்லியில் கை வைப்பார். அதிகம் பேசமாட்டார். என்னைக் கொஞ்சியதும் கிடையாது, அடித்ததும் கிடையாது. இலைக்கட்டிலிருந்து பிரிக்கிற முதல் இலையை மட்டும் எனக்கென்று மடக்கிக் கொண்டுவருவார். அதில்தான் அன்று சாமிக்குப் படையல் வைப்பேன்.

முதலில் இலையில்தான் கோளாறு தெரிந்தது. விருந்துக்குப் போகிற நுனி இலையையும் ஓட்டலுக்குப் போகிற நடு ஏட்டையும் கலந்து கட்டினார். முகூர்த்த நாளில் ஒரு மண்டபத்துக்குப் போக வேண்டிய இலையை வேறொரு மண்டபத்தில் இறக்கிவிட்டு வந்தார். பிறகு ஒருநாள் கன்னிவாடிக்கு என்று வண்டியை எடுத்தவர் எதிர்த்திசையில் குஜிலியம்பாறை ரோட்டில் போய், ஒரு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "இங்க இருந்த தோப்பெல்லாம் எங்கப்பா போச்சு?" என்று கேட்டிருக்கிறார். தெரிந்தவர் ஒருவர் பார்த்துக் கூட்டிவந்தார். அதற்கும் நான் கலங்கவில்லை. வயசு, அலைச்சல், வெயில் என்று சொல்லிக்கொண்டேன். கலங்கியது வேறொரு நாள். மத்தியானம் சோறு போட்டேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், சட்டைப் பையைத் தடவிக்கொண்டே, "எம்புட்டுமா ஆச்சு?" என்று கேட்டார். என்னை மெஸ்ஸில் சோறு போடுகிற அம்மா என்று நினைத்துவிட்டார்.

"நீங்க குடுத்தது போதும்ங்க" என்றேன்.

திண்டுக்கல் டாக்டர் மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. நிதானமாகப் பேசினார். மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிற வியாதி இது, வயசானதால் மட்டும் வருகிற மறதி இல்லை என்றார். இப்படிப்பட்ட பலரையும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, மாதக்கணக்கில் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப மூளையைப் படம் எடுப்பார்கள், எந்த இடத்தில் சுருக்கம் தொடங்குகிறது, அங்கிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பார்கள் என்றார்.

"இதனால இவருக்குக் குணமாயிரும்னு நான் சொல்லமாட்டேன்மா. ஆனா மறதி வெளியில தெரியிறதுக்கு முன்னாடியே படத்துல கண்டுபிடிக்க முடியுமான்னு பாக்கிறோம். இனி வர்ற ஆளுகளுக்கு உதவும்."

எனக்கு அது நேர்த்திக்கடன் மாதிரி பட்டது. நமக்குக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் போட்டுவிட்டு வர வேண்டும். சரி என்றேன். பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள், அடிக்கடி லீவு போட முடியாது. துணைக்கு எரியோட்டிலிருந்து மதினியை வரச்சொன்னேன். ஆமாம், நான்தான் வரச்சொன்னேன்.

முதல் தடவை படம் எடுக்கப் போனபோது அவரைப் படுக்கவைத்து உள்ளே தள்ளியதுமே கத்திக்கொண்டு எழுந்துவிட்டார். மிஷினை ஓட்டுகிற பையன் வெளியே வந்தார்.

"அம்மா, கூட ஒருத்தர் உள்ள வந்து கால் பக்கம் நிக்கணும். பழகின ஆளுன்னா அசையாமப் படுப்பாரு. கொஞ்சம் அசைஞ்சாலும் படம் கலங்கிரும்."

"நான் வாரேன்" என்று எழுந்தேன்.

அந்தப் பையன் என் கழுத்தைப் பார்த்தார். "உள்ள பெரிய காந்தம்மா. தாலி, மெட்டி, மூக்குத்தி, வளையல் எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துட்டு வரணும்."

என் கை தானாகத் தாலிக்கொடிமேல் போனது. "தம்பி, அவரு கண்ணு முன்னாடி இருக்கையில நான் இதக் கழட்டுறதா?"

"தங்கத்த ஒண்ணும் பண்ணாதும்மா, ஆனா விதி அப்படி. எல்லாரும் கழட்டித்தான் குடுக்கிறாங்க."

எல்லாரும் கழற்றலாம். என்னால் முடியவில்லை. உள்ளே அவர் கத்துகிறார், வெளியே நான் தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதற்குள் மதினி செருப்பை ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்தார்.

"நான் போறேன் தம்பி. எங்கிட்ட என்ன இருக்கு?"

உலோகத்தைக் கண்டுபிடிக்கிற ஒரு மட்டையை அவர் மேல் ஓட்டினார்கள். சத்தமே வரவில்லை. மதினி சொந்த வீட்டுக்குள் போகிறமாதிரி உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

நம்ம பக்கம் தண்ணிக்குப் போர் போடுகிற லாரி ஊரையே அதிரவைக்கும். அந்தச் சத்தம்தான் கதவு வழியாக வந்தது. நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முருகன் அவரைக் காக்க வேண்டும் என்று தொடங்கியதுதான். பாதியில் என் மனசு வேறு மாதிரி வேண்டியது. அவர் மறுபடி கத்த வேண்டும், மதினியாலும் முடியவில்லை என்று வெளியே வந்து சொல்ல வேண்டும். சாமி அந்த வேண்டுதலைக் கேட்கவில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர் முகத்தில் திருவிழாவுக்குப் போய்வந்த களை.

"அக்கா கூடவே நின்னுச்சு" என்று வாசலில் இருந்த எல்லாரிடமும் சொன்னார். என்னிடமும் சொன்னார், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளிடம் சொல்வது போல.

டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "படம் சுத்தமா வந்திருக்கு. அடுத்த தடவையும் அக்காவையே கூட்டிட்டு வாங்க, என்ன?"

தலையை ஆட்டினேன்.

படத்தைக் காட்டச் சொன்னேன். கம்ப்யூட்டரில் காட்டினார். தலையை மேலிருந்து கீழ்வரை மெல்லிசு மெல்லிசாகச் சீவி அடுக்கினமாதிரி இருந்தது. அவர் விரலை நகர்த்த நகர்த்த ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தது. இலைக்கட்டைப் பிரித்து ஒவ்வோர் இலையாகப் புரட்டுகிறதைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். கட்டு வெளியே பச்சையாகத்தான் இருக்கும். உள்ளே நடு இலை புழுங்கிக் கருத்திருக்கும், பிரித்தால்தான் தெரியும். வீட்டுக்காரர் கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் தலைக்குள் கருத்ததைச் சொல்ல அம்புட்டுப் பெரிய மிஷின் வேண்டியிருந்தது.

"இதோ, ரெண்டு பக்கமும் வளைஞ்சு ஒண்ணு இருக்கு பாருங்க. ஞாபகத்துக்கு இதுதான் முக்கியம். இவருக்கு இது சுருங்கியிருக்கு" என்றார் டாக்டரம்மா.

வளைந்த அவரைக்காய் செடியிலேயே காய்ந்து வற்றினமாதிரி இருந்தது.

"இதுல நான் எங்கம்மா இருக்கேன்?" என்று கேட்டேன். அசட்டுக் கேள்விதான். ஆனால் எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அவர் சிரிக்கவில்லை. "படத்துல எடந்தாம்மா தெரியும். ஆளு தெரியாது" என்றார்.

எனக்கு அந்தப் பிள்ளைமேலும் பொறாமை வந்தது. நேற்று வந்தவர், என் வீட்டுக்காரர் தலைக்குள் இலை இலையாகப் பார்த்துவிட்டார். காலமெல்லாம் பக்கத்தில் படுத்தவள் நான், நெற்றியில் திருநீறு பூசிவிட்டதோடு சரி.

மதினி ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று எங்கள் வீட்டுக்கு வந்தார். வாரம் மாசமானது. மதினி வெளியே போனாலே வீட்டுக்காரர் வாசலில் போய் நின்றுவிடுவார். சோற்றைப் பிசைந்து அக்கா கொடுத்தால் சாப்பிடுவார், நான் கொடுத்தால், "எனக்குப் பசிக்கலம்மா, நீங்க சாப்பிடுங்க" என்பார். அந்த 'ங்க'தான் எனக்குக் குத்தும். எனக்கு அவர் மரியாதை கொடுத்துப் பேசியதே இல்லை. ஏ புள்ள, இந்தா, அடியே. இப்போது ஊரார் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்கிற மரியாதை எனக்குக் கிடைத்தது.

மதினி சும்மா இருக்கிற ஆளும் இல்லை. அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்ப்பார்.

"ஏ புள்ள, கொழம்புல புளியக் கொறச்சு ஊத்து. அவனுக்குச் சின்னதுலயே புளிப்பு ஆகாது."

"கல்யாணமான நாளுல இருந்து இந்தக் கொழம்பத்தான் மதினி ஊத்தித் தின்னாரு."

"தின்னுருப்பான். வாயத் தொறந்து சொல்லியிருக்க மாட்டான். நல்லவன்."

அன்றைக்குத் தொட்டுக்கொள்ள வதக்கிய வெஞ்சனம் அடிப்பிடித்துக் கருகிவிட்டது. அதற்கும் மதினி ஒன்று சொன்னார்: "என்னைய நெனச்சுக்கிட்டே வதக்கினா அப்படித்தான் ஆகும்."

சாயங்காலம் விளக்கேற்றியதும் மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்று, "ஆத்தா, மதினிக்கு ஊருக்குப் போற எண்ணத்தக் குடு. அவுக வீட்டுக் கோழிக்காச்சும் தீனி வைக்க ஆளில்லன்னு தோணட்டும்" என்று வேண்டுவேன். கண்ணைத் திறந்தால் மதினி என் பின்னால் நின்று கும்பிட்டுக்கொண்டிருப்பார். அவர் என்ன வேண்டினாரோ தெரியாது. அவர் கும்பிடுகிற அழகைப் பார்த்து வீட்டுக்காரரும் பக்கத்தில் போய்க் கைகூப்புவார். நான் கூப்பிட்டால் வராதவர்.

கோழியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்ததாக மதினி பிறகு சொன்னார்.

இரண்டாம் தடவை படம் எடுக்கிற நாள் நெருங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, அக்காவைக் கட்டாயம் கூட்டிவரச் சொன்னார்கள். படம் கலங்கினால் இவரை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட நேரும் என்றும் சொன்னார்கள். போனை வைத்துவிட்டு மதினியிடம் போனேன். அவர் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவ நான் உள்ள போறேன் மதினி."

"போ. கழுத்துல கெடக்குறத எங்க வைப்ப?"

"அத நான் பாத்துக்கிறேன்."

"எதுக்குடி ஒனக்கு இந்த வேல? நான் போனா அவன் கல்லு மாதிரிக் கெடக்கான். நீ போயி, அவன் எந்திரிச்சு, படம் கெட்டு, இன்னொருக்கா அலையவா?"

"நான் அவரு பொண்டாட்டி."

"நான் இல்லன்னா சொன்னேன்?" முறத்தைக் கீழே வைத்தார். "எனக்கு ஒண்ணும் இல்லங்கிறதுனாலதானே அவுக உள்ள விட்டாக. அந்த மட்டைய எம்மேல ஓட்டையில ஒரு சத்தம் வருதா பாத்தியா? அதப் பாத்தா ஒனக்குப் பொறாம? வா, மாத்திக்கிருவோம்."

நான் குனிந்து, சிதறிக் கிடந்த உளுந்தைப் பொறுக்கினேன்.

"நீ வயிறெரியுறது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. வந்த அன்னைக்கே தெரியும்" என்றார். பிறகு மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "எம் புருசன் போன நாளுல இருந்து ஒருத்தி என்னப் பாத்து வயிறெரிஞ்சதில்லடி. பாவம்னு பாப்பாளுக, இல்லன்னா எதுக்க வந்துட்டேன்னு ஒதுங்குவாளுக. நீதான் எரியுற. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

உளுந்தைப் புடைத்து முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன். கோபம் போகவில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பொன் தாலியை ஏதோ காரணத்தால் கழற்ற நேர்ந்தால், மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் ஒன்றைக் கோத்துக் கட்டிக்கொண்ட பிறகுதான் பொன்னைக் கழற்றுவார்கள். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது. மஞ்சளில் உலோகம் ஏது? இது எனக்கு முதல் தடவையே தோன்றியிருக்க வேண்டும். வாசலில் நின்ற பதற்றத்தில் தோன்றவில்லை. மூக்குத்தியையும் மெட்டியையும் நகை ஆசாரியிடம் போய் முன்கூட்டியே கழற்றி வைத்துக்கொண்டேன், தோட்டையும் வளையலையும் நானே கழற்றினேன்.

படம் எடுக்கப் போகிற அன்று வெள்ளிக்கிழமை. குளித்து, விளக்கேற்றி, கயிற்றில் மஞ்சள் தடவி, மஞ்சள் கிழங்கைக் கோத்துச் சாமி முன் வைத்தேன். நானே கட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் கையால் கட்டிக்கொள்ள ஆசை. இலைக்கட்டுக்கு நார் முடிந்த கை. எது மறந்தாலும் முடிச்சு மறக்காது என்று நினைத்தேன். அவரைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, நானும் எதிரே உட்கார்ந்து, கயிற்றை அவர் கையில் கொடுத்தேன்.

கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்கள் அதன் இரண்டு நுனியையும் தேடிச் சரியாகப் பிடித்தன. என் கழுத்துவரை கொண்டுவந்தார். பிறகு கையை இறக்கி, கயிற்றை என் மடியில் வைத்துவிட்டார்.

"இத நான் கட்டப்படாதும்மா. ஒங்க வீட்டுக்காரரத்தான் கட்டச் சொல்லணும்."

"நீங்கதாங்க கட்டணும்."

"தப்பும்மா. நான் எம் பொண்டாட்டிக்கு மட்டுந்தான் கட்டுவேன்."

கோபமாகச் சொல்லவில்லை. விவரம் தெரியாத ஒரு பெண்ணுக்கு எடுத்துச் சொல்கிறமாதிரிச் சொன்னார்.

நான் விட்டிருக்கலாம். விடவில்லை. "ஒங்க பொண்டாட்டி எங்க இருக்காக?" என்று கேட்டேன்.

"வீட்டுல இருக்கா. நான் இலை கொண்டாரணும்னு பாத்துக்கிட்டு இருப்பா. சாமிக்கு வைக்கணும்ல."

"எப்படி இருப்பாக?"

தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். கல்யாணமான புதிதில் யாராவது என் பெயரைச் சொல்லிக் கேலி செய்தால் அப்படிச் சிரிப்பார். "நல்லா இருப்பா" என்றார்.

மதினிமேல் இருந்த பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அந்த நேரத்தில் ஆனது. அவர் தலைக்குள் ஒருத்தி இருக்கிறாள். இலை வருமென்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளை நினைத்தால் அவருக்கு வெட்கம் வருகிறது. அந்தச் சிரிப்பு அவளுக்கு. அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு, அம்மா என்ற மரியாதை. அவளும் நானும் ஒன்றுதான் என்று புத்திக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியவில்லை. அவளை இழுத்து வெளியே போட்டுவிட்டு அந்த இடத்தில் நான் போய் நிற்க வேண்டும்போல் இருந்தது.

அடுப்படி நிலையில் மதினி நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். நான் எழுந்து போய்க் கயிற்றை அவரிடம் நீட்டினேன்.

"நீங்க கட்டுங்க மதினி."

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓரடி பின்னே போனார். "ஒனக்குக் கிறுக்கா? வெள்ளிக்கெழமையும் அதுவுமா என் கையாலயா? அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த ஆத்துல விழுகுறது?"

"எங்க கல்யாணத்துல அவரு போட்டது மொத முடிச்சு மட்டுந்தான். மத்த ரெண்டும் நாத்தனார் முடிச்சு, நீங்க போட்டது. இன்னைக்கு வரைக்கும் அவுந்துருச்சா?"

"அன்னைக்கு எனக்குப் புருசன் இருந்தான்."

"இன்னைக்கு எனக்கு வேற நாத்தனாரு இல்ல."

இதை நான் பெரிய மனசோடு சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீம்போடுதான் சொன்னேன். மதினி கையைக் கழுவி, சாமி முன் விழுந்து கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்து என் பின்னால் நின்றார். மூன்று முடிச்சையும் அவரே போட்டார்.

"மதினி, மூச்சு முட்டுது."

"முட்டட்டும். அவுந்துறக் கூடாதுல்ல."

மதுரை பஸ்ஸில் வீட்டுக்காரர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முன் சீட்டில். கொடைரோடு தாண்டியதும் மதினி என் தோளைத் தட்டினார்.

"ஏ புள்ள, உள்ள போனதும் அவன் கால் பெருவிரலப் பிடிச்சுக்க. அசைஞ்சா, 'ஏலே அப்பு, நான் இருக்கேன்டா'ன்னு சொல்லு. சின்னதுல இடி இடிச்சாலும் அதச் சொன்னாத்தான் ஒறங்குவான்."

மதினியிடமிருந்து அதையும் வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கேட்காத மாதிரி இருந்தேன், ஆனால் எல்லாம் காதில் விழுந்தது.

அறை வாசலில் பொன் தாலிக்கொடியைக் கழற்றினேன். மஞ்சள் கயிறு கழுத்தில் இருந்தது. மதினி அதைக் கையால் தொடாமல் முந்தானையை விரித்து வாங்கி முடிந்துகொண்டார். மட்டையை என்மேல் ஓட்டினார்கள். சத்தம் இல்லை.

உள்ளே மார்கழி மாதிரிக் குளிர். காதில் அடைப்பான் வைத்தார்கள். அவரைப் படுக்கவைத்துக் குழாய் போன்ற அந்தப் பொந்துக்குள் தள்ளினார்கள். எனக்கு அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. தோட்டத்துச் சேற்றில் வெடித்த கால்கள். இரண்டையும் பிடித்துக்கொண்டேன். மிஷின் அடிக்கத் தொடங்கியது. வெளியே போர் லாரி மாதிரிக் கேட்ட சத்தம், உள்ளே நெஞ்சுக்குள்ளேயே துளை போட்டது.

கொஞ்ச நேரத்தில் கால் உதறத் தொடங்கியது.

"அக்கா" என்றார். சத்தம் நின்ற இடைவெளியில் மறுபடியும், "அக்கா".

"நான்தாங்க, நான் இருக்கேன்" என்றேன்.

உதறல் கூடியது. "அக்கா எங்க?"

மைக்கில் அந்தப் பையனின் குரல் கேட்டது. "அம்மா, அசையாமப் படுக்கச் சொல்லுங்க. இப்ப எந்திரிச்சா எல்லாம் வீணாயிரும்."

அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வா, போ என்று பேசியதில்லை. அவர் சாப்பிடும்முன் சாப்பிட்டதில்லை. என் சாமிக்கு அடுத்து அவர். அந்தக் காலின் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தடிப்பாக்கி, மதினி பேசுகிறமாதிரி நீட்டி, "ஏலே அப்பு, நான் இருக்கேன்டா. அக்கா இங்கதான் இருக்கேன். அசையாமப் படுடா" என்றேன்.

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கால் நின்றது. சத்தம் நிற்கிறபோதெல்லாம் அதையே சொன்னேன். அறைக்குள் போய் அவர் பொண்டாட்டியாக நிற்க வேண்டும் என்றுதான் இத்தனையும் செய்தேன். கடைசியில் மதினியாகத்தான் நின்றேன்.

வெளியே வந்ததும் மதினி எழுந்து வந்தார். "அசையாமக் கெடந்தானா?"

"கெடந்தாரு."

"என்னையக் கேட்டானா?"

கேட்கவில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "ஒங்களத்தான் கேட்டாரு" என்றேன்.

மதினி முந்தானை முடிச்சை அவிழ்த்து என் கொடியைக் கொடுத்தார். படம் நன்றாக வந்திருக்கிறதென்று உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸிலும் அதே மாதிரி அவர்கள் இரண்டு பேரும் பின்னால், நான் முன்னால். வாடிப்பட்டி தாண்டியிருக்கும். அவர் அக்காவிடம் ரகசியம் பேசுகிறமாதிரிப் பேசினார். ரகசியம் என்று நினைத்துக்கொண்டாரே தவிர எனக்கு நன்றாகக் கேட்டது.

"அக்கா, அந்த ரூமுக்குள்ள ஒரு அம்மா நின்னாக."

"ம்."

"ஒன்ன மாதிரியே பேசிப் பாத்தாக. ஏலே அப்புங்கிறாக." சிரித்தார். "நீ இல்லன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா கல்லு மாதிரிக் கெடந்த?"

"பாவம்க்கா. அழுதுக்கிட்டே பேசுனாக. நான் எந்திரிச்சா அவுகளத் திட்டுவாகல்ல. போகட்டும்னு கெடந்தேன்."

மதினி சிரிக்கத் தொடங்கினார். அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது அழுகையா சிரிப்பா என்று தெரிந்திருக்காது.

செத்த நேரம் கழித்து மதினி எழுந்தார். "ஏ புள்ள, இங்க எனக்கு வெயிலடிக்கிது. நீ வந்து இங்க உக்காரு, நான் அங்க உக்காந்துக்கிறேன்."

அந்தப் பக்கம் வெயிலே இல்லை. எழுந்து போய் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மரியாதையாக ஜன்னலை ஒட்டி நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அப்புறம் காலடியில் இருந்த மஞ்சப்பையை எடுத்து, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். கல்யாணமான ஆம்பளை, தெரியாத பொம்பளை பக்கத்தில் உட்கார்ந்தால் வைக்க வேண்டிய இடைவெளி அது.

அந்தப் பையை நான் எடுக்கவில்லை. திண்டுக்கல் மலைக்கோட்டை தெரிகிறவரை அது அங்கேயே இருந்தது. வீட்டில் இலைக்குக் காத்துக்கொண்டு நிற்கிறாளே, அவளுக்காக அவர் வைத்த பை அது. அவள் கொடுத்துவைத்தவள்.